ஒரு முறை படித்தது போதாதா?

எச்.ஐ.வி. பணியில் மருத்துவமனை ஊழியர்களின் தொடர் கல்வி



சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகையின்போது, நமது மருத்துவமனையைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் ஒரு கிராமச் சபைக்குச் சென்றிருந்தோம். ஆராதனை முடிந்து, பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போனபின், வயது முதிர்ந்த சபை மூப்பர் ஒருவர் எங்களைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துக்கொண்டு போய் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, நீங்கள் அனுப்புகிற கணக்கில் வருஷா வருஷம் எச்.ஐ.வி. பயிற்சி என்று ஒரு செலவு வருகிறது. எக்ஸ்ரே இயந்திரம் என்றால் கண்ணால் பார்க்கிறோம். கட்டில் என்றால் எண்ணிப் பார்க்கிறோம். இந்த வியாதிதான் இப்போது குறைந்துவிட்டதே! டாக்டரும் நர்சும் ஒரு முறை படித்தது போதாதா?"

நியாயமான கேள்வி. அன்று நின்ற நிலையில் ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் வழியெல்லாம் அந்தப் பதில் எங்களுக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. ஆகவே அவருக்கும், அதே கேள்வி மனதில் இருந்தும் கேட்காமல் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து, இந்த இதழில் விவரமாக எழுதுகிறோம்.

இரண்டு ஊசிக் குத்துகள்

முதலாவது சம்பவம் 1990-களின் இறுதியில் நடந்தது. வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் ஆயா, கழிவுப் பஞ்சை அள்ளும்போது அதற்குள் கிடந்த ஊசி அவருடைய விரலில் ஏறியது. அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர் எச்.ஐ.வி. உள்ளவர் என்பது வார்டு முழுவதற்கும் தெரியும். ஏனென்றால் நாங்களே அவருடைய கட்டிலின் காலடியில் சிவப்பு எழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தோம். அந்த ஆயா விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார், துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டார், ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். வீட்டில் தமக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்துக்கொண்டார். பேரப்பிள்ளையை மடியில் எடுப்பதை நிறுத்தினார். நான்கு மாதம் கழித்து ஒரு நர்சிடம் அழுதபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. பரிசோதித்தோம், கிருமி இல்லை. ஆனால் அந்த நான்கு மாதங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

குற்றம் அவருடையது அல்ல. அதே ஆண்டில் எய்ட்ஸ் பற்றி நாங்கள் ஒரு வகுப்பு நடத்தியிருந்தோம். நகரத்திலிருந்து டாக்டர் வந்தார். நமது டாக்டர்கள் முன்வரிசையிலும் நர்சுகள் பின்வரிசையிலும் உட்கார்ந்தார்கள். வார்டைப் பெருக்குகிறவரைக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது சம்பவம் சென்ற ஆண்டு நடந்தது. இரவு இரண்டு மணி. பிரசவ வலியோடு ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கர்ப்பகாலப் பரிசோதனைச் சீட்டு எதுவும் இல்லை. பிரசவம் நல்லபடியாக முடிந்து தையல் போடும் நேரத்தில், உதவிக்கு நின்ற பயிற்சி நர்சின் இடதுகை விரலில் தையல் ஊசி குத்திவிட்டது. அந்தப் பெண்பிள்ளைக்கு வயது இருபது. அவள் விரலைப் பிதுக்கவில்லை, வாயில் வைக்கவில்லை, டெட்டாலையும் ஸ்பிரிட்டையும் தேடி ஓடவில்லை. கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாள். "சிஸ்டர், எனக்கு ஊசி குத்திவிட்டது" என்று பொறுப்பு நர்சிடம் சொன்னாள். அவசரப் பிரிவின் அலமாரியில் எப்போதும் வைத்திருக்கும் பாதுகாப்பு மாத்திரையின் முதல் வேளையை நாற்பது நிமிடத்துக்குள் விழுங்கினாள். பிறகுதான், அந்தத் தாயிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு இரத்தம் எடுத்துப் பார்த்தோம். எச்.ஐ.வி. இருக்கக்கூடும் என்று முதல் சோதனை காட்டியது. நம்பிக்கை மையத்தில் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின.

இந்த இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் கணக்கில் நீங்கள் பார்க்கிற அந்தச் செலவு.

அந்த நாற்பது நிமிடத்தின் விலை

எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் உடனே நோய் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சிகிச்சை பெறாத ஒருவரின் இரத்தமானாலும், இப்படிப்பட்ட ஆயிரம் குத்துகளில் சுமார் மூன்றில்தான் கிருமி தொற்றுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால், தடுப்பூசி போடாத ஊழியருக்கு மஞ்சள்காமாலை பி கிருமி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகலாம். ஆகவே ஒவ்வொரு ஊழியருக்கும் அந்தத் தடுப்பூசியை மூன்று தவணையும் முடித்துவைப்பது எங்கள் பயிற்சியின் முதல் படி.

ஆயிரத்தில் மூன்று என்பதும் குத்துப்பட்டவருக்குச் சிறிய எண்ணிக்கை அல்ல. அதையும் வெகுவாகக் குறைக்க மருந்து உண்டு. முதல் வேளையை இரண்டு மணி நேரத்துக்குள் விழுங்கினால் மிகவும் நல்லது. எப்படியும் 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 28 நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். 72 மணி நேரம் கடந்தபின் அந்த மாத்திரையால் பயன் இல்லை. ஆயா தமது பயத்தை நான்கு மாதம் மூடிவைத்திருந்தாரே, அதில் முதல் மூன்று நாளிலேயே உதவிசெய்யக்கூடிய காலம் கடந்துபோயிற்று.

ஆகையால் மாத்திரை அலமாரியில் இருப்பது மட்டும் போதாது. குத்துப்பட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் திட்டமாட்டார்கள், வேலை போகாது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். நள்ளிரவில் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் கடையில் வாங்க முடியாது; வகுப்பில்தான் கொடுக்க முடியும்.

நாற்பது ஆண்டுகளில் மாறிய பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில், நமது தமிழ்நாட்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் அந்த ஆராய்ச்சியைச் செய்தார்கள். சென்னையில் அதற்கான சோதனை வசதி இல்லாததால், சேகரித்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்து பரிசோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. மிஷன் மருத்துவமனைகளுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு அப்படி முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

அந்த நாட்களில் நோயாளிக்குக் கொடுக்க மருத்துவமனைகளிடம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் காசநோய்க்கும் மருந்து கொடுத்தோம், கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வெளிநாடுகளில் பரவியது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் செலவு பிடித்ததால் அது நமக்கு எட்டாத கனியாகவே இருந்தது. 2001-இல் நமது நாட்டு சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்கு உதவி அமைப்புகளுக்குக் கொடுக்க முன்வந்தபோதுதான் கதவு திறந்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி இந்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று.

இது வரலாறு. இதற்குள்தான் மூப்பரின் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் பாடம் மாறியது.

2004-இல் எங்கள் டாக்டர்கள் கற்றது இது: இரத்தத்தில் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினால் மருந்தைத் தொடங்கு, அதற்கு மேல் இருந்தால் காத்திரு. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை 350 ஆக்கியது. 2013-இல் 500 ஆக்கியது. 2015-இல் எல்லையே வேண்டாம், கிருமி இருப்பது தெரிந்த எல்லோருக்கும் உடனே மருந்து என்றது. இந்தியாவில் 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்த மாற்றத்துக்கு ஆதாரமான ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்றில் சென்னையும் பங்கெடுத்தது. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்தால், அவருக்குச் சீக்கிரமே மருந்து தொடங்குவதன்மூலம் மற்றவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் அது காட்டியது. அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கியிருந்தால், உடலுறவின் வழியாக அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். 2004-இல் நன்றாகப் படித்து, அதற்குப்பின் ஒரு வகுப்பிலும் உட்காராத ஒரு நல்ல டாக்டர், இன்று தம்மிடம் வருகிற ஒரு இளைஞனைப் பார்த்து, "உனக்கு சிடி4 நன்றாக இருக்கிறது, தம்பி, ஒரு வருஷம் கழித்து வா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. கற்றதைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அவன் உடல் நலிகிறது. அவன் மனைவிக்கும் ஆபத்து வருகிறது.

தாயும் சேயும்

பிரசவ வார்டில் பாடம் இன்னும் வேகமாக மாறியது. ஒன்றுமே செய்யாமல் விட்டால், கிருமி உள்ள நூறு தாய்மார்களில் 15 முதல் 45 பேரின் குழந்தைகளுக்கு அது தொற்றும். 1994-இல் ஒரே மருந்தைக் கொண்டு அதை 25-இலிருந்து 8-ஆகக் குறைக்கலாம் என்று தெரிந்தது. 1999-இல் உகாண்டாவில் நடந்த ஆராய்ச்சி, பிரசவ வலியில் தாய்க்கு ஒரு நெவிராபின் மாத்திரையும் பிறந்தபின் குழந்தைக்கு ஒரு வேளை சொட்டு மருந்தும் கொடுத்தாலே தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று காட்டியது. எங்கள் நர்சுகள் அதை மனப்பாடமாகக் கற்றார்கள். பின்னர் அது பழைய பாடம் ஆயிற்று. இன்று கர்ப்பிணிக்குக் கிருமி இருப்பது தெரிந்த உடனே முழுக் கூட்டு மருந்தையும் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் தொடர்கிறோம். குழந்தைக்கும் பல வாரம் மருந்து கொடுக்கிறோம். இவை ஒழுங்காக நடந்தால் தொற்றுவது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது.

தாய்ப்பாலைப் பற்றிய பாடமும் மாறியது. ஒரு காலத்தில், "பால் கொடுக்காதே அம்மா, பவுடர் பால் வாங்கு" என்று நாங்களே தாய்மாரிடம் சொன்னோம். பவுடர் வாங்கக் காசில்லாமல், தண்ணீரும் சுத்தமில்லாமல், குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மெலிந்தன. ஏன் பால் கொடுக்கவில்லை என்று மாமியார் கேட்டபோது இரகசியமும் வெளியானது. இன்று தாய் மருந்தைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டு, முதல் ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டுமே கொடுக்கலாம் என்று கற்பிக்கிறோம். பழைய அறிவுரையைச் சொன்ன அதே நர்சுதான் புதியதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "அன்றைக்கு நாங்கள் சொன்னது வேறு, இன்று இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது" என்று வெட்கமில்லாமல் சொல்லவும் அவர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு வந்த அந்தத் தாய்க்கும் இந்தப் பாடம்தான் உதவியது. அன்று விடிவதற்குள் குழந்தைக்கு மருந்து தொடங்கப்பட்டது. தாய்க்குச் சிகிச்சை ஏற்பாடாயிற்று. ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தத் துளிகளில் கிருமி இல்லை. பதினெட்டாம் மாதம் வரை தொடர்ந்து பார்க்க வேண்டும்; ஆனால் முதல் செய்தி நல்ல செய்தி.

வகுப்பில் என்ன நடக்கிறது?

மாதம் ஒரு வியாழக்கிழமை, புறநோயாளிகள் கூட்டம் குறைந்தபின், இரண்டு மணி நேரம் வகுப்பு. டாக்டர்கள், நர்சுகள், லேப் ஊழியர்கள், மருந்தாளுநர்களோடு ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள், சலவைக்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சீட்டுக் கொடுக்கும் கவுண்டரில் இருப்பவர் எல்லோரும் வருகிறார்கள். வார்டு காலியாகாதபடி இரண்டு அணியாகப் பிரித்து நடத்துகிறோம்.

பேச்சு குறைவு; செய்முறை அதிகம். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது என்பதைச் சொல்லி விட்டுவிடுவதில்லை. பீட்ரூட் சாறு நிரப்பிய சிரிஞ்சைக் கையில் கொடுத்து, ஊசியை வெட்டி, வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவில் போடச் சொல்கிறோம். எத்தனை பேர் கை தானாகவே மூடியைத் தேடிப் போகிறது என்று பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். தரையில் சிந்திய இரத்தத்தை எப்படி மூடி, ஹைப்போகுளோரைட் ஊற்றி, எவ்வளவு நேரம் விட்டுத் துடைப்பது என்பதை ஆயாக்களே மற்றவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு: பாதுகாப்பு எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். கையுறை என்பது எச்.ஐ.வி. உள்ளவருக்காக மட்டும் போடுவது அல்ல. இரத்தத்தைத் தொட நேரும் எந்த நோயாளியிடமும் போடுவது. ஏனென்றால் யாருக்குக் கிருமி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அட்டை தொங்கவிட்ட கட்டிலில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால், அட்டை இல்லாத கட்டிலில்தான் ஆபத்து. இதை உணர்ந்தபோது அந்தச் சிவப்பு அட்டைகளை நாங்களே கழற்றிப்போட்டோம். அவை நோயாளியை அவமானப்படுத்தின, ஊழியரையும் காப்பாற்றவில்லை.

டாக்டர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் தனிப் பாடங்கள் உண்டு. இன்றைய முதல்வரிசைக் கூட்டு மருந்தில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. நல்ல மருந்து, பக்கவிளைவு குறைவு. ஆனால் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்து விழுங்கினால் அது உடலில் சேருவது குறைந்துவிடும். சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், அல்லது நேரத்தைப் பிரித்துச் சாப்பிட வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினோடு சேரும்போது டொலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாகக் கொடுக்க வேண்டும். ஒரு நர்சு இந்தச் சிறிய விஷயத்தை மறந்தால், நோயாளி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் கிருமி அடங்காது. பழி நோயாளியின்மேல் விழும்.

காசநோய்தான் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிக்கும் நோய். ஆகவே ஒவ்வொரு முறை அவர்கள் வரும்போதும் நான்கு கேள்விகள் கேட்கக் கற்பிக்கிறோம்: இருமல் உண்டா? காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? இரவில் வியர்க்கிறதா? சீட்டு எழுதுகிறவருக்கும் இந்த நான்கும் தெரியும்.

நாவை அடக்கும் பயிற்சி

ஊசியால் வரும் காயத்தைவிடப் பேச்சால் வரும் காயம் அதிகம் என்பதை நோயாளிகளே எங்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு சகோதரி, தாம் கருவுற்றிருந்தபோது வேறொரு இடத்தில் நடந்ததை எங்கள் வகுப்பில் வந்து சொன்னார். அங்கே ஊழியர் ஒருவர் அவருடைய சீட்டைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னாராம். பிறகு அடுத்த அறைக்குக் கேட்கும்படி அவருடைய நோயைச் சொல்லிக் கூப்பிட்டாராம். "அதற்குப்பின் மூன்று மாதம் மாத்திரை வாங்கப் போகவில்லை, அக்கா" என்று அவர் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மூத்த நர்சு தலையைக் குனிந்துகொண்டார். எங்களில் பலரும் அதுபோல் பேசியிருக்கிறோம்.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறாமல் பரிசோதிக்கக்கூடாது. ஒருவருடைய நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடக்கூடாது. சிகிச்சையை மறுக்கக்கூடாது. அதே சட்டம் ஊழியரையும் மறக்கவில்லை. தொற்று அபாயம் உள்ள மருத்துவமனைகள் தங்கள் ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், அதைப் பயன்படுத்தப் பயிற்சியும், குத்துப்பட்டால் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே இந்தப் பயிற்சி, முடிந்தால் செய்கிற நற்காரியம் அல்ல, கடமை.

தொலைவில் இருந்து கற்பது

சிறிய ஊரில் இருக்கும் மருத்துவமனைக்கு நிபுணர் எப்படிக் கிடைப்பார்? அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா என்ற இந்திய மருத்துவர் 2003-இல் ஒரு வழியைத் தொடங்கினார். நிபுணர்களும் கிராமப்புற டாக்டர்களும் திரையில் கூடி, உண்மையான நோயாளிகளின் விவரங்களைப் பெயர் சொல்லாமல் கலந்துபேசுவார்கள். மஞ்சள்காமாலை சி நோயில் இதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேரும், இப்படிக் கற்ற டாக்டர்களிடம் சிறிய ஊர்களில் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதம் பேரும் குணமானார்கள். அதாவது நோயாளி நகரத்துக்குப் போகவேண்டியதில்லை. அறிவு அவரிடம் வரலாம். எக்கோ எனப்படும் இந்த முறை இந்தியாவில் எச்.ஐ.வி. பணியிலும் பயன்படுகிறது.

நாங்களும் இவ்விதமாகக் கற்கிறோம். எங்களுக்குப் புரியாத நோயாளியைப் பற்றி வெட்கப்படாமல் கேட்கிறோம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை இளம் நர்சுகள் பார்க்கிறார்கள். அதுவே ஒரு பாடம்.

குறைந்துவிட்டதால்தான்

இப்போது மூப்பர் ஐயாவின் கேள்விக்கு வருகிறோம். வியாதி குறைந்தது உண்மை. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனாலும் இந்தியாவில் இன்னும் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறார்கள். மருந்து கிடைப்பதால் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள், முதுமை அடைகிறார்கள். ஆகையால் அவர்கள் இனி எய்ட்ஸ் வார்டுக்கு வரப்போவதில்லை. பல்வலி, இரத்த அழுத்தம், கண்புரை, கால் முறிவு என்று மற்றவர்களைப்போல எந்த மருத்துவமனைக்கும், எந்தப் பிரிவுக்கும் வருவார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் நர்சு ஒருவர் வாரந்தோறும் இந்த நோயாளிகளைப் பார்த்தார், கை பழகியிருந்தது. இன்று புதிதாகச் சேர்ந்தவர் மாதக்கணக்கில் ஒருவரையும் பார்க்காமல் இருக்கலாம். பார்க்கும் அந்த ஒரு நாள் இரவு இரண்டு மணியாக இருக்கலாம். அடிக்கடி செய்கிற வேலை மறக்காது. அபூர்வமாக வருகிற வேலைதான் மறக்கும். ஆகவே, வியாதி குறைந்துவிட்டதே, பயிற்சி எதற்கு என்பதல்ல. வியாதி குறைந்துவிட்டதால்தான் பயிற்சி வேண்டும்.

ஊழியர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் பயிற்றுவித்த நர்சுகள் இரண்டு, மூன்று ஆண்டில் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. கற்றதை அவர்கள் போகுமிடத்துக்கும் கொண்டுபோகிறார்கள். ஆனால் அவர்கள் இடத்தில் வருகிறவருக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். மருந்துகளும் புதிதாக வருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டு, கிருமி இல்லாதவருக்குத் தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிர் என்ற மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2025-இல் பரிந்துரைத்தது. இது நம் ஊருக்கு வரும் நாளில் கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டாமா?

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். வகுப்பு மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. கையுறை போடு என்று கற்பித்துவிட்டு, வார்டில் கையுறை இல்லாமல் வைத்தால் அந்த வகுப்பு வீண். ஆகவே உங்கள் காணிக்கையில் பயிற்சிக்கென்று ஒதுக்குவது பேச வருகிறவரின் பயணச் செலவுக்கு மட்டுமல்ல. அவசரப் பிரிவின் அலமாரியில் காலாவதியாகாத மாத்திரை, ஊசி வெட்டும் கருவி, வெள்ளை டப்பா, ஊழியர் தடுப்பூசி, வகுப்பு நேரத்தில் வார்டைப் பார்த்துக்கொள்ளும் மாற்று நர்சின் சம்பளம் ஆகியவையும் அதில் அடங்கும்.

உங்கள் சபையிலும் இந்தக் கல்வியில் ஒரு பங்கு உண்டு. யாருக்காவது இந்த நோய் என்று காதில் விழுந்தால் அதை அடுத்தவரிடம் சொல்லாதிருங்கள். சந்தேகம் உள்ளவர்களிடம் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே சோதனை இலவசம், விவரம் இரகசியம். 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம். திருமண ஆலோசனை வகுப்பிலோ வாலிபர் கூட்டத்திலோ பேச வேண்டுமானால் எங்களுக்கு எழுதுங்கள், வருகிறோம்.

கடைசியாக, அந்தப் பயிற்சி நர்சைப் பற்றி. 28 நாள் மாத்திரையையும் முடித்தாள். ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் பரிசோதித்தோம், கிருமி இல்லை. அந்தத் தாய் குழந்தையைக் காட்ட வரும்போதெல்லாம் பிரசவ வார்டுக்கும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார். தம்மால் ஒருத்திக்கு ஊசி குத்தியது என்பது அவருக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. போன மாத வியாழக்கிழமை வகுப்பில், பீட்ரூட் சாறு நிரப்பிய சிரிஞ்சைக் கையில் பிடித்து, புதிதாகச் சேர்ந்த ஆறு ஆயாக்களுக்குச் செய்து காட்டியவள் இந்தப் பெண்பிள்ளைதான். "குத்திவிட்டால் யாரிடம் சொல்வீர்கள், அம்மா?" என்று அவள் கேட்டாள். ஆறு பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

மூப்பர் ஐயா, அடுத்த முறை நீங்கள் வரும்போது எக்ஸ்ரே அறையைப் பார்த்தபின், ஒரு வியாழக்கிழமை வகுப்பிலும் வந்து உட்காருங்கள். பின்வரிசையில் இடம் உண்டு.



மருத்துவமனை ஊழியர்கள்